திட்டு வாங்கிய குடுவை

“மூணு வேளையும் தின்னுட்டுத் தூங்கறியே, ஒரு நாளாவது உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கியா? வெட்கமா இல்ல?”

விஞ்ஞானி போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திட்டு வாங்கியதோ பதிலுக்கு வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அது பாக்டீரியா.

தோட்டத்து மண்ணிலிருந்து பிடித்துவந்த பாக்டீரியா. மனித எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் புரதம் ஒன்று உண்டல்லவா, அதற்கான மரபணுவை இதன் உடம்புக்குள் நுழைத்திருந்தார். காப்பி நிற வெல்லப்பாகுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் புரதத்தைச் சுரந்து தள்ளவேண்டியது இதன் வேலை. மூன்று வருடமாகக் குடித்ததுதான் மிச்சம்.

நெசவுக்கு முன்னால் நூலுக்குப் போடும் கஞ்சியை, துணியான பிறகு கரைத்தெடுக்க அந்தப் புரதம் வேண்டும் என்று ஒரு துணி ஆலை இத்தனை நாளும் படியளந்தது. இன்று ஆலை மேலாளர் நேரில் வருகிறார். இன்றும் கஞ்சி கரையவில்லை என்றால் ஆய்வகத்துக்குப் பூட்டுதான்.

விஞ்ஞானி குடுவையின் பஞ்சடைப்பைப் பிடுங்கி, அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் இன்னொரு தவணை திட்டினார். ஒரு வாரமாகக் காலையும் மாலையும் இதே பூசைதான். பதினைந்து வருடமாக அவரோடு குப்பை கொட்டும் உதவியாளர் அம்மாள், எதிரே நின்றபடி, சாரல் தெறித்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சார், இன்னிக்கு டெஸ்ட் வேண்டாமே. அடுத்த வாரம் வச்சுக்கலாமே.”

“அடுத்த வாரம் நாம ரெண்டு பேரும் தெருவுலதாம்மா நிக்கணும்!”

மேலாளர் வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம். அட்டை மாதிரி விறைத்த கஞ்சித் துணி ஒன்றை மேசைமேல் போட்டு, “இதைக் கரைச்சுக் காட்டுங்க” என்றார்.

விஞ்ஞானி அதை இரண்டாகக் கிழித்தார். ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றதைக் குடுவையிலிருந்து ஊற்றிய கரைசலிலும் ஊறப்போட்டார். அரைமணி நேரம் ஒரு யுகமாகக் கழிந்தது. உதவியாளர் அம்மாளின் முகமோ பேயறைந்தாற்போல் இருந்தது.

பிறகு இரண்டையும் அலசி, அயோடின் சொட்டினார். கஞ்சி மிச்சம் இருந்தால் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் ஊறிய துணி மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி நீலமானது. குடுவைக் கரைசலில் ஊறிய துணியில்? மருந்துக்குக்கூட நீலம் இல்லை!

“கரைஞ்சிடுச்சு! பாத்தீங்களா, திட்டினாத்தான் இதுக்கு புத்தி வருது!” விஞ்ஞானி சின்னக் குழந்தைபோலக் குதித்தார். மேலாளரே சிரித்துவிட்டார்.

“பிரமாதம் சார்! இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இந்த ஆய்வகம் எங்க பொறுப்பு. நாளைக்கே இதை ஆலைக்கு அனுப்பிடுங்க. பெரிய தொட்டியில விட்டு நாங்களே வளர்த்துக்கறோம்.”

அவர் கார் வாசலைத் தாண்டியது. “என்னம்மா சிலை மாதிரி நிக்கறீங்க? பாக்டீரியாவை பேக் பண்ணுங்க!”

அம்மாளுக்குக் கண் கலங்கியது. “சார், அது போன வாரமே செத்துப்போச்சு. திட்டுவீங்கன்னு பயந்து, குடுவையில வெறும் வெல்லப்பாகுத் தண்ணியத்தான் ஊத்தி வச்சிருந்தேன்.”

விஞ்ஞானிக்குத் தலை சுற்றியது. “அப்போ கஞ்சியைக் கரைச்சது யாரு?”

“ஒரு வாரமா அதுக்குள்ள விழுந்ததெல்லாம் உங்க வாயிலேருந்துதான் சார். நாளைக்கு அந்தத் தொட்டிக்கு நீங்கதான் போகணும்.”