ஒரு சாண் மல்லி

"பொம்பளைங்க மையவாடிக்குப் போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க ஹஜ்ரத்."

போனில் இப்படி மொட்டையாகக் கேட்டாள் மெகராஜ். பள்ளிவாசல் இமாமுக்கு இது புதிய கேள்வியில்லை. பொறுமையாகவே விளக்கினார். அடக்கமானவர்களின் கபுருகளுக்குப் போக வேண்டாமென்று ஆரம்பத்தில் தடுத்த நபிகள், பிறகு போய் வாருங்கள், அது மறுமையை நினைவூட்டும் என்றார்கள். அந்த அனுமதி பெண்களுக்கும் உண்டு என்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், பெண்கள் போகாமலிருப்பதே நல்லது என்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஜமாஅத்தில் வழக்கமில்லை. ஆனாலும் பர்தாவோடு போய், ஒப்பாரி வைக்காமல், சலாம் சொல்லி துஆ கேட்டுத் திரும்புகிறவளைத் தப்பு செய்தவள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

"எல்லாம் நிய்யத்தப் பொறுத்ததும்மா. நீங்க என்ன எண்ணத்துல போறீங்க?"

அங்கேதான் மெகராஜ் மாட்டிக்கொண்டாள். செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமை, அவளுக்குப் பூ வைக்கிற புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று ஹஜ்ரத்திடம் எப்படிச் சொல்வாள்? "சும்மா ஜியாரத்துக்குத்தான், ஒரு சலாம் சொல்லிட்டு வர" என்று முனகிவிட்டு போனை வைத்தாள்.

பற்ற வைத்தது பூக்காரி பாண்டீஸ்வரி. பாவம், அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். "குடுத்து வச்சவக்கா நீ. ரெண்டு வருசமா அண்ணே வெள்ளிக்கிழமை தவறாம மல்லி வாங்கிட்டுப் போறாரே. ஒரு சாண் போதும்பாரு, ஆனா நெருக்கமாக் கட்டித் தரணும்பாரு."

மெகராஜ் சிரித்துச் சமாளித்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தப் பூவில் ஒரு மொட்டுகூட அவள் தலைக்கு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கேட்டாள். அபுதாகிர் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்ததும் செருப்புக்கடையைச் சாத்திவிட்டு மையவாடிக்குப் போய் வருவதாகச் சொன்னான். யாருக்குப் பூ என்றதும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டான்.

பதில் வேறு வேண்டுமா? அவனைப் பெற்ற இருவரும் கொட்டாம்பட்டியில் திடகாத்திரமாக இருக்கிறார்கள். மையவாடியில் அவனுக்கு இருப்பது முதல் மனைவி ஜுலைகாதான். மஞ்சள் காமாலையில் அவள் போய் ஆறு வருஷமாகிறது.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் முந்தானையை வரிந்துகட்டிச் சண்டை போடலாம். மண்ணுக்குள் இருப்பவளை என்ன செய்வது? அவளுக்கு இனி நரைக்காது, வாய் நீளாது, அவள் வைத்த தால்ச்சாவில் என்றைக்கும் உப்புக் கூடாது.

அதிலும் அந்த ரெண்டு வருஷக் கணக்குத்தான் மெகராஜைக் குடைந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அவள் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்து வந்தவளிடம், "எல்லாம் அங்கயே முடிஞ்சுபோச்சு, மறந்துரு" என்று மாமியார் சொன்னதோடு சரி. அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. தான் சாகக் கிடந்த நேரத்தில் இந்த மனுஷன் பழையவளைத் தேடிப் போயிருக்கிறான் என்று தனக்குத்தானே முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பர்தாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். தெற்குவாசல் நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தபோது, அவன் தனக்கு முன்னால் போய்விடுவானோ என்று பதறினாள். மையவாடி வாசலில் காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்தார். ஹஜ்ரத்திடம் கேட்டாயிற்று என்றதும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜுலைகாவின் பெயர் வெட்டிய மீசான் கல் வேப்பமரத்தடியில் இருந்தது. சுற்றிலும் நெருஞ்சி மண்டியிருந்தது. காய்ந்த பூ ஒன்றுகூட இல்லை. போன வாரப் பூவைக் காற்று கொண்டுபோயிருக்கும், இன்றைக்குப் பூவோடு வரட்டும் என்று மரத்துக்குப் பின்னால் நின்றாள்.

அபுதாகிர் வந்தான். கையில் வாழையிலைப் பொட்டலம். ஜுலைகாவின் கல்லருகே நின்று சலாம் சொன்னான், துஆ கேட்டான், நடையைக் கட்டினான். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அப்படியென்றால் பூ வேறு எவளுக்கு? தனக்குத் தெரியாமல் இன்னொருத்தியும் இருந்தாளா? ஒருத்தியோடு போராடுவதே பெரும்பாடாக இருக்கும்போது இது வேறா? மெகராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போனாள்.

கோடிச் சுவரோரம் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பிரித்து, அந்த ஒரு சாண் சரத்தைத் தலையில் சூட்டுகிற பக்குவத்தோடு மண்மேல் வைத்தான். மெகராஜால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"யாருங்க அவ?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கோபப்படவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அப்போதுதான் அந்த மண்மேடு அவள் கண்ணில் முழுதாகப் பட்டது. அவளுடைய கை நீளம்கூட இல்லை.

"நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள நாந்தான் கொண்டாந்து வச்சேன். உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்ட, ஆஸ்பத்திரிலயே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிருவோம்னு அம்மாதான் சொன்னாங்க" என்றான் அபுதாகிர். "பொம்பளைங்க இங்க வாரதில்லையே மெகரு, அதான் வாராவாரம் நம்ம மகளுக்கு உன் சலாத்தையும் சேத்து நானே சொல்லிட்டு வாரேன்."