குருவி ஏழு இறங்கலாமா?

“தப்புங்க, குருவி ஏழு. மறுபடியும் சொல்லுங்க.”

ஸ்பீக்கரில் மூச்சு வாங்கியது. “ஏ... ஏழா... யிரம். வல... வலது...”

“எடதுன்னு சொன்னேன். இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க.”

மாடிப்படி ஏறி உள்ளே வந்த ஆஷ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தைவேல், ஆள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர். காப்பிச் செடிகளையே பேர் சொல்லிக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்தவர் என்று ஒண்டிக்கடை முக்கில் நிற்பவர்கள் சத்தியம் செய்வார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், மளிகைக் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு சேலம் விமான நிலையத்தை ஆள்கிறார்.

நிஜத்தில் அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டில். பைலட்டுகள் ‘குருவி ஏழு’ மாதிரி ஓர் அழைப்புப் பெயரோடு அவரவர் வீட்டிலிருந்தே பறந்து வருவார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இவர் உத்தரவு கொடுப்பார். அதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இறங்கலாம். நிஜ விமானத்துக்கும் அதுதான் விதி.

“அங்கிள், அந்த ஆளை எத்தனை சுத்து விட்டிருக்கீங்க தெரியுமா?”

“பதினொண்ணு, கண்ணு.”

“அவர் பின்னாடி நான் காத்துக்கிட்டிருக்கேன். என் ப்ளேன்ல நூத்தி எம்பது பயணிங்க!”

“இப்ப ஆரு ஓட்டறாங்க அதை?”

“ஆட்டோ பைலட்ல விட்டுட்டு ஸ்கூட்டில வந்தேன்.”

“நொம்பப் பொறுப்பு.”

ஆஷ்லின் மேசையில் தட்டினாள். “பேச்சை மாத்தாதீங்க. அவருக்கு வாய் திக்குது. அத்தனை பேர் கேக்கற லைன்ல அவரை அவமானப்படுத்தறீங்க. போன வாரம் நான் உயரத்தையே மாத்திச் சொன்னேன், விட்டுட்டீங்க. அவருக்கு மட்டும் சட்டமா?”

“ஆமா.”

கூச்சமே இல்லாமல் சொன்ன ‘ஆமா’.

அவள் போனை நீட்டினாள். “விளையாட்டை நடத்தற குழுவுக்குப் புகார் எழுதிட்டேன். அனுப்பினா இன்னையோட கோபுரம் காலி.”

குழந்தைவேலின் முகம் விழுந்துவிட்டது. சம்சாரம் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது.

“அனுப்பறதுன்னா அனுப்பிக்க சாமி. அவரை எறக்கிட்டு அப்புறமா அனுப்பு.”

“அப்ப எறக்குங்க!”

“அவரு சொல்லட்டும்.” மைக்கை அழுத்தினார். “குருவி ஏழு, எடது பக்கம் திரும்பி நாலாயிரத்துக்கு எறங்குங்க. ஓடுபாதை சைபர் நாலு. முழுசாச் சொல்லோணும்.”

“எட... நா... நா...”

“கேக்கலைங்க.”

ஸ்பீக்கரில் கரகரவென்று மூச்சிரைத்தது. பிறகு ஸ்பீக்கர் வெடித்தது.

“யோவ் ரைட்டரே! எடது பக்கம், நாலாயிரம், ஓடுபாதை சைபர் நாலு! போதுமாய்யா? உங்கப்பன் ஊட்டு ஓடுபாதையா அது? எறங்கி வந்தன்னா உன் கோபுரத்தைப் பேத்துப் போட்டுருவேன், ஆமா!”

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊர் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

“சரிங்க, எறங்கலாம்” என்றார் குழந்தைவேல், பவ்யமாக.

“நல்லா வேணும் உங்களுக்கு!” ஆஷ்லினின் கட்டைவிரல் புகாரை அனுப்பப் போனது.

அதற்குள் குழந்தைவேலின் போன் அடித்தது. கை கீபோர்டில் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், குசுகுசுவென்று.

“ரைட்டரய்யா, உங்க குருவி ஏழோட ஊட்டுக்காரிங்க, கரடியூர் சென்னம்மா. அவரு காதுல உழுந்துருமின்னு சமையக்கட்டுல ஒளிஞ்சு பேசறேன். திட்டுனதைக் கேட்டீங்களா? நிக்காம, முழுசா! வாதம் வந்து பேச்சு போயி எட்டு மாசமுங்க. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனா, ‘சின்னப் புள்ளையாட்டம் அம்மா, ஆடு சொல்லச் சொல்றாங்க’ன்னு கோவிச்சுக்கிட்டு வாயே தொறக்க மாட்டாரு. ப்ளேனை எறக்கோணும்னாத்தான் நாக்கு பொரளுது...”

குரலை இன்னும் தாழ்த்தினாள். “அடுத்த வாரமும் லேசுல எறக்கி உட்றாதீங்கய்யா.”

குழந்தைவேல் கம்ப்யூட்டர் திரையைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஆஷ்லின் புகாரை அழித்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஏனுங்க குருவி ஏழு, உங்க பின்னாடி வர்ற ப்ளேனுங்க. உங்களால ஒரு மணி நேரமா நான் வானத்துலயே நிக்கிறேன். ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்குங்க ப்ளேனு?”

சொல்லிவிட்டு, வரப்போகும் திட்டுக்காக ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள்.