பல் விழுந்த பிறகு கடலை

புளியமரத்தடியில் ஓர் அணில் வேர்க்கடலைக் கடை வைத்திருந்தது. விற்றது போக மிஞ்சும் கடலையைத் தன் வயதான காலத்துக்கென்று மரப்பொந்தில் சேர்த்து வந்தது. மழைக்காலத்தில் கடை ஓடுவதும் அந்தக் கடலையை நம்பித்தான்.

ஒருநாள் நிதி மந்திரி நரி வந்தது.

"புதுச் சட்டம் வரப்போகுது. இனிமே பொந்துல வைக்கிற கடலையில பாதி வரிக்குப் போயிடும். அரண்மனைக் குகையில போட்டு வச்சா வரியே கிடையாது," என்றது.

"அங்கேருந்து எப்போ திருப்பி எடுக்கலாங்க?" என்று அணில் கேட்டது.

"உன் பல்லெல்லாம் விழுந்த பிறகு."

"பல்லு போனப்புறம் கடலையை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

"நாங்களே பொடிச்சுத் தருவோம். பொடிக்கிறதுக்கு மட்டும் சின்னதா ஒரு வரி."

"மந்திரி ஐயா, உங்க வயசான காலத்துக்கு நீங்க எங்க சேர்த்து வைக்கிறீங்க?"

நரி வாய்விட்டுச் சிரித்தது. "எனக்கு எதுக்குச் சேமிப்பு? அதான் நீங்கல்லாம் சேர்க்கிறீங்களே!"

மறுநாளே அணில் கடையை மூடிவிட்டு, உதவி மந்திரி வேலைக்கு மனுப் போட்டது.