காவேரித் தண்ணீர்க் கட்டுரை

"டேபிள்ல யூனிட் எங்கே பவுனம்மா? போன தடவை சரியா எழுதினதை இப்பத் தப்பா எழுதிட்டு வந்திருக்கியே!"

கெமிஸ்ட்ரி லெக்சரர் லூர்துராணி சிவப்புப் பென்சிலைக் கீழே போட்டாள்.

'ஸ்ரீரங்கம் படித்துறைகளில் காவேரி நீரின் தன்மை, 1962.' கல்லூரி அறிவியல் மன்றத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷ மாணவி பவுனம்மாள் வாசிக்க வேண்டிய கட்டுரை. ஆடியில் வாசித்திருக்க வேண்டும். ஐப்பசி வந்துவிட்டது.

"வேணும்னே தப்பு பண்றியா?"

பவுனம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா மிஸ். பெரியப்பா மாப்பிள்ளை பார்த்துட்டாரு. இந்தக் கட்டுரை முடியற வரைக்கும்தான் காலேஜ்னு அப்பா சொல்லிட்டாரு."

லூர்துராணிக்குக் கோபம் எல்லாம் வேறு பக்கம் திரும்பியது.

"மேடையில நின்னு வாசிக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையா?"

"ஏன் இல்லாம மிஸ்? தினம் கண்ணாடி முன்னால நின்னு வாசிக்கறேன். கடைசி வரி வந்தா மட்டும் வாசிக்காம மூடி வெச்சுடறேன்."

"நாளைக்கு உங்கப்பாவை வரச் சொல்லு."

மறுநாள் வந்தார் தர்மராஜ். ஸ்ரீரங்கத்தில் வாழைத்தோப்பு வைத்திருப்பவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நல்லாப் படிக்கிற பொண்ணைப் பாதியில நிறுத்துறீங்களே, நியாயமாங்க?"

"எங்கண்ணன் முடிவுங்க. அப்பா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவரு. அவர் முகத்துக்கு நேரா மாட்டேன்னு இதுவரைக்கும் சொன்னதில்லை."

"உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா?"

தர்மராஜ் தலையைத் திருப்பினார். ஜன்னல் வழியே லேப் தெரிந்தது. பவுனம்மாள் பியூரெட் குழாயின் அளவுக்கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மகள் வேலை செய்வதை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று பட்டது லூர்துராணிக்கு.

"சரி, உங்க இஷ்டம். திருத்தமெல்லாம் நானே போட்டுடறேன். வெள்ளிக்கிழமை அவ கட்டுரையை வாசிச்சு முடிச்சிடட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

தர்மராஜ் பதறிப்போய்த் திரும்பினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முடிச்சிடாதீங்க மிஸ்! 'கட்டுரை முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்'னு அண்ணன்கிட்ட நான்தான் கெஞ்சி வாக்கு வாங்கியிருக்கேன். அவ பி.எஸ்ஸி. முடிக்கிற வரைக்கும் அதுல ஏதாச்சும் தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டே இருங்க!"