சாமி மாட்டிய பெல்ட்

ஆதிமூலம் சொல்லும் அந்தக் கதையை ஹார்டுவேர் கடைப் புகழேந்தி பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. பொய் என்று சொல்லவும் வாய் வந்ததில்லை. ஊரே நம்புகிறது, நமக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது, நம்ம மனசுதான் கோணலோ என்று தன்னையே நொந்துகொள்வார்.

கதை இதுதான்.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஆதிமூலத்தின் பட்டறை. அங்கே ஒரு பழைய ட்ரில்லிங் மிஷின். பெல்ட் இரண்டும் தேய்ந்துபோய், இரும்பில் துளை போடும் பிட் இறங்கினாலே மோட்டார் மட்டும் சுற்றும், பிட் நின்றுவிடும். தீபத் திருவிழாவுக்குத் தடுப்புக் கம்பி செய்து தரும் ஆர்டர் அப்படியே நின்றது. அந்த ஆர்டரை நம்பித்தான் மகள் கவியாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்.

ஆதிமூலம் பழியைப் பெல்ட் மேல் போடவில்லை. தருமன் மேல் போட்டார். சாவியை வைத்துக்கொண்டு பட்டறையைக் காலையில் திறப்பது, சாயங்காலம் பூட்டுவது, நடுவில் உள்ள எல்லா வேலையும் அவன்தான்.

"உன் கை ராசியில்லாத கைடா. நீ தொட்டுத் தொட்டுத்தான் மிஷின் படுத்துடுச்சு. கெளம்பு."

தருமன் கிளம்பினான்.

மறுநாள் காலையில் பூட்டிய பட்டறை பூட்டியபடி இருக்க, உள்ளே மிஷினில் இரண்டு புது பெல்ட், பேரிங்கில் புது கிரீஸ்! சுவிட்சைப் போட்டால் முனகல்கூட இல்லாமல் ஓடியது. ஆர்டரும் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது.

முந்தின நாள் ஒரு சாமியார் வாசலில் நின்று மிஷினையே பார்த்துவிட்டுப் போனது அப்புறம்தான் ஆதிமூலத்துக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாக முதலில் சொன்னார். போகப் போக டீ சாப்பாடானது. சாமியார் சித்தரானார்.

இப்போது அந்த மிஷின் ஓட்டை போடுவதில்லை. ஓடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாலை, குங்குமம், பிட் மாட்டுகிற இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம். ஆதிமூலம் சுவிட்சைத் தட்டினால் கூட்டம் 'அரோகரா' என்கிறது. ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர் அதற்கு வேட்டி சாத்தினார். வேட்டி பெல்ட்டில் சிக்கிக் கிழிந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புகழேந்திக்கு உறுத்தியது ஒரு சின்ன விஷயம். பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிற சித்தரை அவர் கேள்விப்பட்டதில்லை.

தருமனை நினைத்தாலும் உறுத்தியது. அவன் போன மறுநாளே மிஷின் ஓடியதே, அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றது ஊர். ராசியில்லாத கையை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறான்.

ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தபோது புகழேந்தி கேட்டேவிட்டார்.

"நெஜமாவே உன் கை அப்படித்தானாடா?"

தருமன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான்ணா இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

போன மாசம், பௌர்ணமிக்கு முந்தின நாள், ஆதிமூலம் புகழேந்தியின் ஹார்டுவேர் கடைக்கு வந்தார். வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"புகழு, ரெண்டு பெல்ட் வேணும். பேப்பர்ல சுத்திக் குடு."

"எதுக்குண்ணா?"

"மிஷினுக்குத்தான். ஒண்ணு அறுந்துடுச்சு. இன்னொண்ணு இப்பவோ அப்பவோன்னு இழுத்துக்கினு கெடக்குது."

"சாமி மாட்டின பெல்டாச்சேண்ணா?"

"சாமி மாட்டினா இன்னா, ரப்பர் ரப்பர்தானே? நாளைக்கு ஜனம் ஜாஸ்தி வரும். மிஷின் ஓடலைன்னா என் மானமே போயிடும்பா."

"மாட்டறதுக்கு டவுன்லேருந்து மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ! டீக்கடையில உக்காந்து கதை கதையா சொல்லிடுவான்." குரலை இன்னும் தணித்தார். "தருமன் எங்க இருக்கான்? அவனைக் கொஞ்சம் கூட்டியாயேன்."

புகழேந்தி எடுத்த பெல்ட்டை மேஜைமேல் வைத்தார்.

"ராசியில்லாத கைன்னு நீங்கதானே அவனைத் தொரத்தினீங்க?"

"அது அப்போ. அவன் தங்கமான ஆளுப்பா. இத்தனை வருஷத்துல வெளியில ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?"

சொன்ன பிறகுதான் ஆதிமூலத்துக்குத் தான் சொன்னது உறைத்தது. கழுத்து ருத்திராட்சத்தைத் தடவிக்கொண்டே தெருவைப் பார்த்தார்.

"வெளியில சொல்றதுக்கு என்னண்ணா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் சித்தர் மகிமை. நீ நம்புறேதானே?"

"நம்பறேண்ணா. பெல்ட்டைச் சித்தர்தான் மாட்டினாரு. ஆனா மிஷின் ஓடின அன்னிக்குக் காலையில, நான் ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னு, பட்டறைக்குப் புதுப் பூட்டு ஒண்ணு வாங்கிக்கினு போனீங்களே... அது யாரு உள்ள வரக்கூடாதுன்னு?"