உடைக்காத கிண்ணம்

கிழவர் வெடுக்கென்று இழுத்ததில் கட்டியிருந்த தூண்டில் நரம்பு அறுந்து, சோற்றுக் கிண்ணம் அவர் கையோடு வந்துவிட்டது. கூரையிலிருந்து தொங்கிய குடைக்கம்பிகளும் வலை மிதவைகளும் பேய்க்கணவாய் பிடிக்கும் மண்சட்டிகளும் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

"ஐயோ தாத்தா, தொடாதீங்க!" என்று ஓடிவந்தாள் மினெகிஷி.

டோக்கியோக்காரி. தீவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, உள்ளே இருந்த சாமான்களையும் கரை ஒதுங்கிய குப்பையையும் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கலை என்று பேர் வைத்தவள். தீவுக் கலைவிழாவில் அதற்கு டிக்கெட்டும் போட்டிருந்தார்கள். அதனால் கலைதான் போலிருக்கிறது.

கிழவர் கிண்ணத்தைத் தலைக்கு மேல் ஓங்கினார். பார்க்க வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் அவரைப் பார்த்ததுமே மினெகிஷிக்குப் பிடித்துப் போயிருந்தது. அக்கரை முதியோர் இல்லத்திலிருந்து படகில் அழைத்து வந்த கூட்டத்தில் ஒருவர். வாசலில் செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைத்தார். உள்ளே ஒரு பலகை இற்றுப்போயிருந்தது. எல்லோரும் அதில் தடுக்கினார்கள். இவர் மட்டும் அவள் எச்சரிப்பதற்கு முன்பே, குனிந்துகூடப் பார்க்காமல், அதைத் தாண்டிக் கால் வைத்தார். எவ்வளவு நிதானமான மனுஷர் என்று நினைத்தாள்.

"குடுங்க தாத்தா. அதுதான் நடுவுல இருக்கணும். மத்ததெல்லாம் அதைச் சுத்தித்தான். அது போனா எல்லாமே போச்சு."

"உடைக்கணும்."

"என்ன கோவம் உங்களுக்கு?"

"கோவமெல்லாம் இல்ல. இது உடைஞ்சிருக்கணும். ஏன் முழுசா இருக்கு?" சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். 'இந்த வீட்டுக்காரர் கோதானி இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனவை இவை' என்று அதில் இருந்தது. "நீதான எழுதி ஒட்டுன?"

"ஆமா."

"செத்தவனோட சோத்துக் கிண்ணத்தை, பெட்டி வெளிய போறப்ப வாசல்ல போட்டு உடைக்கணும். இல்லாட்டி அவன் பசிக்குதுன்னு திரும்பி வந்துடுவான். உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தரலையா, குப்பை பொறுக்க மட்டுந்தான் சொல்லித் தந்தாங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மினெகிஷிக்கு முகம் சுண்டிவிட்டது.

"எனக்கு எப்படித் தெரியும் தாத்தா? அவரோட மகன்தான் போன்ல சொன்னார். அப்பா போய்ட்டாரு, வீட்டுல கெடக்கறதெல்லாம் குப்பைதான், என்ன வேணா பண்ணிக்கங்கன்னார்."

"எப்படிப் போனாராம்?"

"தூக்கத்துலயே. கஷ்டமே படலையாம்."

"நல்ல சாவு." கிழவர் தலையாட்டினார். "நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், கெடைக்க மாட்டேங்குது."

ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"சொல்றப்ப பையன் அழுதானா?"

மினெகிஷி யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"இல்ல தாத்தா. பின்னாடி டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏதோ அவசரத்துல இருந்தார்."

"சின்ன வயசுல மீனுக்குக் கண்ணு தெறந்திருந்தாலே அழுவான்."

"அவங்க நல்லாப் பழக்கமா உங்களுக்கு?"

"பழக்கந்தான். அவங்கப்பன் ஒண்ணும் பெரிய மனுஷன் இல்ல. சோத்தை மெல்லக்கூட மாட்டான், அப்படியே முழுங்குவான். கேட்டா, படகு காத்துக்கிட்டிருக்கும்பான்."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். குப்பை மூட்டைகளுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்த அன்றுதான் இந்த வேலைக்கே உயிர் வந்தது. விளிம்பில், கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் நீலப்பூ தேய்ந்திருந்தது. ஒரே ஆள் ஆயுசு முழுக்கத் தின்ற கிண்ணம்.

"உடைங்க தாத்தா," என்றாள். "ஆனா வாசல்ல. முறைப்படியே செய்யலாம்."

கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசற்கல்லருகே நின்று கிண்ணத்தைச் சட்டை முனையால் துடைத்தார். வெளியே எறிகிற சாமானை எவன் துடைப்பான்? அவர் துடைத்தார், உள்ளும் புறமும். பிறகு கல்லில் ஓங்கி அடித்தார்.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டம் தலை குனிந்து கை கூப்பியது. மினெகிஷி அழுதேவிட்டாள், முன்பின் பார்த்திராத கோதானிக்காக.

கீழே படகு ஊதியது. இல்லத்துப் பெண் கையாட்டி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இந்தத் துண்டையெல்லாம் எடுத்து மறுபடி கட்டித் தொங்கவிடலாமா தாத்தா?"

"விடு. இப்பதான் அது குப்பை."

சரிவில் நாலடி இறங்கியவர் நின்றார். வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், கூரையிலிருந்து வாசற்படி வரைக்கும்.

"அந்தப் பையன்கிட்ட இன்னொரு தரம் பேசுவியா?"

"பேசுவேன். விழா முடிஞ்சதும் சாவியைத் திருப்பிக் குடுக்கணுமே."

"அப்ப ஒண்ணு சொல்லிடு."

"சொல்லுங்க தாத்தா, என்ன சொல்லணும்?"

"'இனிமே சாப்பிட வரமாட்டேன்டா'ன்னு அப்பா சொல்லிட்டுப் போனார்னு சொல்லும்மா."