செங்கம்மாள் சொன்னது

பேராசிரியர் ஜானகிராமனின் அறையில் மீன் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சார் வீட்டில் இன்றைக்கு வஞ்சிரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, ரோஹித் வைவாவுக்காக எதிர் நாற்காலியில் அமர்ந்தான்.

சிறுசேரியில் வேலை கிடைத்துவிட்டது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் முழுக்க அம்மா ஸ்வீட்டும் கொடுத்தாகிவிட்டது. 'ஊரோடு பல்கலைக்கழகம்' என்கிற இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி.

முட்டுக்காட்டுக் குப்பத்தில் ஐம்பது வீடு ஏறிக் குறை கேட்டு எழுத வேண்டும். ரோஹித் ஒரு படிகூட ஏறவில்லை. பாலத்து மேல் பைக்கை நிறுத்திப் கீழே கரையில் கண்ணில் பட்ட பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டான். மற்றதெல்லாம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியது.

"இந்தத் தடவை மார்க் நான் போடறதில்ல," என்றார் ஜானகிராமன். "ஊருக்கு நாம என்ன செஞ்சோம்னு ஊர்தானே சொல்லணும்? குப்பத்துப் பூவாயி அம்மாதான் எக்ஸாமினர்."

மீன் கூடைக்காரி இடுப்பிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"யாராண்ட பேசுன தம்பி? ஒரு பேரு சொல்லு."

"செங்கம்மாள்..." முதலில் ஞாபகம் வந்ததைச் சொன்னான்.

"செங்கம்மாவா!" பூவாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னா சொல்லிச்சு?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தெம்பு வந்தது. "பாவம்மா. மொத்தக் குடும்பத்தையும் அவங்கதான் சுமக்கறாங்க."

"அது நெசந்தான்."

"வயசாயிடுச்சு. உடம்பும் முன்ன மாதிரி தாங்கல."

"அதுவும் கரெக்ட்டு."

ஜானகிராமன் பெருமையோடு தலையாட்டினார். அதற்குமேல் ரோஹித்தைப் பிடிக்க முடியவில்லை.

"ஒரு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் சார். திடீர்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. 'நீதாண்டா என் புள்ள'ன்னு என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க."

சொல்லும்போது அவன் குரலே கம்மியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பூவாயி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"தண்ணி நிக்காதுதான், அடியில ஓட்டை கீது. ஆனா கையி எங்கேர்ந்து வந்திச்சு நைனா? செங்கம்மா எங்க படகாச்சே!"